இரண்டாவது டாங்க்கில் போட்ட சர்க்கரை

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் வேர்த்துக்கொண்டு சுகம். அங்கே நீ, உன் சம்சாரம், உன் முழங்கால் எல்லாம் சுகமாக இருக்க வேண்டும்.

நம்ம பையன் நீ வாங்கிக் குடுத்த ஆபீஸ் வேலையை விட்டுட்டு பீர் காய்ச்சப் போறேன்னு சொன்ன அன்னைக்கு, நீ என் வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம நின்னு, "அண்ணே, இவன் உருப்பட மாட்டான்"னு சொல்லிட்டுப் போனே. இடது செருப்புல வார் அறுந்திருந்துச்சு. ஒன்றரை வருஷமாப் பேச்சில்லை. நீ சொன்னதுக்கு ஏத்த மாதிரி முதல் தடவை காய்ச்சினதும் கெட்டுப்போச்சு, ரெண்டாவதும் கெட்டுப்போச்சு. மூணாவதும் போனா ஷெட்டைப் பூட்டிட்டு சித்தப்பா கால்ல விழுந்து பழைய வேலையைக் கேக்குறேன்னு சொல்லிட்டான்.

போன சனிக்கிழமை கடை திறப்பு. காலை பத்து மணிக்கே தகரக் கூரைக்குக் கீழே மண்டை வெந்துடும்போல வெயில். மூணாவதாக் காய்ச்சினதைப் பையன் ரெண்டாவது டாங்க்கில இருந்து ஒரு கிளாஸ்ல ஊத்தி நீட்டி, "அப்பா, உங்க நாக்கை நம்பித்தான் இருக்கேன்"னான். பால் பண்ணை வாசல்ல முப்பத்தொரு வருஷம் கேன் கேனா ருசி பார்த்து, புளிச்சதுல சாக்பீசால பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பின நாக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து அதுதான். குடிச்சேன். வைக்கோல் நிறம், லேசா, ஜில்லுன்னு, அந்த வெயிலுக்குத் தொண்டையெல்லாம் இதமாத்தான் இறங்குச்சு, ஆனா தம்பி, புளிப்பு. கண்ணு தானா மூடிக்கிச்சு. கை சாக்பீசைத் தேடுது. பையன் முகத்தைப் பார்த்தேன். "நல்லாருக்குப்பா"ன்னுட்டேன்.

இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் புளிச்சதை நல்லாருக்குன்னு விட்டிருக்கேன். ஒத்தை மாட்டுக்காரர் அழுதாரேன்னு, ஒரு செவ்வாய்க்கிழமை, பதினேழாவது கேன். நாலாயிரம் லிட்டர் திரிஞ்சுபோச்சு. அது ஞாபகம் வந்துடுச்சு. பையன் போர்டு மாட்ட வெளியே போன நேரம் பார்த்து, வீட்டுச் சர்க்கரை டின்னை எடுத்துட்டுப் பின்வாசல் வழியா நுழைஞ்சு, ரெண்டாவது டாங்க்கில மூணு கிலோவையும் கொட்டிக் கலக்கி மூடிட்டேன். (மருமகள் பேனாவை நிறுத்திட்டு என்னைப் பார்க்குது. எழுதும்மா, அவன் நம்ம ஆள்தான்.)

முதல்ல வந்தது ஒரு லைன்மேன். கம்பத்துல இருந்து இறங்கி நேரா வந்தவர், சட்டை பிழியலாம்போல இருந்துச்சு. ஒரு வாய் குடிச்சார், மூஞ்சி சுருங்குச்சு. "என்னங்க, புளிக்குதே"ன்னார். பையன் அசரலை. "புளிக்கணும்ங்க, வெயிலுக்குன்னே அப்படிக் காய்ச்சினது"ன்னான். அவர் இன்னொரு வாய் குடிச்சு, கிளாசைக் கவுத்து வச்சு, "அப்ப இன்னொண்ணு குடுங்க"ன்னார். நான் சாக்கு மூட்டை மேலயே உக்காந்துட்டேன். நாலு மணிக்கு டாங்க் காலி.

புளிக்கணும்னே செய்யறாங்களாம் தம்பி. முப்பத்தொரு வருஷமா எதையெல்லாம் திருப்பி அனுப்பினேனோ. ஆனா அந்தப் புளிப்பு அளவோட நின்னது எதனாலன்னு நம்ம மூணு பேருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். பையன் காதுல போட்டுடாதே, மனசு விட்டுடுவான்.

நீ வா. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்து உக்காரு. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணன்
×
(இது கையெழுத்து. கேன்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடாதே.)

பின்குறிப்பு: சின்ன மாமா, இது நானாக எழுதுவது. முன்வாசலிலிருந்து எண்ண வேண்டிய டாங்க்கை மாமா பின்வாசலிலிருந்து எண்ணிவிட்டார்கள். சர்க்கரை விழுந்தது கழுவுவதற்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டாங்க்கில். மறுநாள் எறும்பு வரிசையைப் பார்த்து உங்கள் அண்ணன் பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். "அப்பாவாலதான் தப்பிச்சோம்னே இருக்கட்டும், சொல்லிடாதே" என்றார். நீங்கள் வந்தால் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று மாமா காதுபட ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்னும் என்னம்மா எழுதுறே என்று கேட்கிறார்கள். விலாசம் என்று சொல்லியிருக்கிறேன்.