சுவரில் இருக்கும் பெரியவர்

"இங்க இருந்த டப்பா எங்கங்க?"

மனைவி இதைக் கேட்டபோது கண்ணாடிக்காரர் குளியலறையில் முக்காலி மேல் நின்று, தான் பூசிய சுவரைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். விடுமுறை நாட்களில் அவரே கொத்தனார், அவரே தச்சர், அவரே எலெக்ட்ரீஷியன். வீட்டில் அவர் கை படாத இடம் கூரை ஒன்றுதான். அதனால்தான் அது இன்னும் தலைக்கு மேலே இருந்தது.

"எந்த டப்பா?"

"என் மேசை மேல இருந்ததே, சாம்பல் டப்பா."

"அதுவா? இதோ இருக்கே!" என்று சுவரைக் காட்டினார்.

ஷவர் குழாய்க்குப் பக்கத்தில் டைல்ஸ் பெயர்ந்து விழுந்த இடம், இப்போது ஒரு கைக்குட்டை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது.

"சிமெண்ட் பத்தல. சாம்பல் கலந்தா இன்னும் கெட்டியா நிக்கும்னு ஒரு வீடியோல பாத்தேன். உன் சாம்பல்தானே, இன்னும் நாலு விறகை எரிச்சா வந்துட்டுப் போகுது."

அவர் மனைவி மண்பாண்டம் செய்கிறவள். பின்வாசலில் ஒரு சக்கரமும் ஒரு சின்னச் சூளையும் வைத்திருந்தாள். பாத்திரங்களுக்கு மெருகு வரச் சாம்பல் கரைத்துப் பூசுவாள். அப்படிப்பட்டவள் இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் சாம்பல் இல்லீங்க."

"பின்ன யாரோடது?"

"யாரோடதும் இல்ல. அது வேன் டிரைவரோட அப்பா."

கண்ணாடிக்காரர் முக்காலியிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஓர் ஆள், தகனம் முடிந்து கிடைத்த அப்பாவின் சாம்பலை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். "தங்கச்சி வெளியூர்ல இருக்காக்கா. கடைசி முகம்கூடப் பாக்கல. அவ எடுத்துட்டுப் போக நல்ல ஜாடியா ஒண்ணு செஞ்சு, அதுல போட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தார். பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்து, இவளும் ஜாடியைச் சுட்டு முடித்திருந்தாள். அவளிடம் பூந்தொட்டி கேட்டு வந்தவர்கள் உண்டு, உண்டியல் கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒரு மனிதரையே நம்பி ஒப்படைத்தவர் இவர்தான் முதல்.

"டப்பா மேல 'தொடாதே'ன்னு எழுதி ஒட்டியிருந்தேனே!"

"நீ உப்பு டப்பாவிலகூட அப்படித்தானே ஒட்டி வச்சிருக்க!"

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க. உங்களுக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா? சாயங்காலம் அண்ணனும் தங்கச்சியும் வராங்க. நான் அவங்களுக்கு என்னத்தைக் குடுப்பேன்?"

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "உன் விறகுச் சாம்பல்ல ஒரு பிடி அள்ளிப் போட்டு..."

அவள் பார்த்த பார்வையில் அந்த யோசனை பாதியிலேயே செத்தது.

"அந்தப் பொண்ணு மடியில வச்சு அழப்போறது அவங்க அப்பாவை. விறகை இல்ல. சுரண்டுங்க."

சுரண்டினார். கண்ணாடிக்காரர் இதுவரை பூசிய எதுவும் மறுநாள் வரை நின்றதில்லை. இது மட்டும் நின்றது. பூச்சுக் கரண்டி வளைந்ததே தவிர, சுவரில் ஒரு கீறல் விழவில்லை. பெரியவர் இருந்த காலத்திலும் பிடிவாதக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உளியும் சுத்தியலும் வந்தன. மனைவி ஒரு பெரிய பேசினைச் சுவருக்குக் கீழே ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா அடிங்க. வயசானவரு."

"எனக்கு மட்டும் அடிக்கணும்னு ஆசையா?" என்றவர், உளியை வைத்துக் கண்ணை மூடி, "மன்னிச்சுக்கங்க ஐயா" என்று முணுமுணுத்துவிட்டு அடித்தார்.

கண்ணை மூடியிருக்கக் கூடாது. உளி பூச்சைத் தாண்டி, செங்கல்லைத் தாண்டி, குழாயில் போய் நின்றது. தண்ணீர் அவர் மார்பில் பீய்ச்சியடித்தது. பேசினில் விழுந்திருந்த சாம்பல் பொருக்குகள் கரைந்து, பேசின் நிரம்பி வழிய, தரையில் ஒரு சாம்பல் நிற ஓடையாகிச் சாக்கடைத் துவாரத்தைப் பார்த்து நகர்ந்தன.

"ஐயோ, போறாரு! போறாரு!" மனைவி பேசினைக் கீழே வைத்துவிட்டுத் துவாரத்தை இரண்டு கையாலும் பொத்தினாள். "பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, வால்வை மூடுங்க!"

ஓடிப்போய் மெயின் வால்வைத் திருகினார். பிடி கையோடு வந்தது. அந்தப் பிடியை மாட்டியவரும் அவர்தான்.

தெருமுனையில் குடியிருந்த பிளம்பர் வந்து வெளிக்குழாயை அடைத்துத் தண்ணீரை நிறுத்தினார். பிறகு டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தார்.

"ஒட்டுப் போட்டா நிக்காது சார். சுவர மொத்தமா உடைச்சு எடுத்துட்டுப் புது லைன் இழுத்துடலாம்."

"உடைக்கக் கூடாது!"

கணவனும் மனைவியும் சேர்ந்து கத்தினார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் ஒரே குரலில் பேசியது அப்போதுதான்.

"ஏன் மேடம், உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் பிளம்பர் சிரித்தார். தன்னோடு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். உடைந்த இடத்துக்கு ஒரு மூடியை முறுக்கிவிட்டு, ஸ்பேனரைக்கூட மறந்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சுவரில் இன்னும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெரியவர் மிச்சம் இருந்தார். அதற்கு மேல் உளியை வைத்தால் குழாயே கையோடு வந்துவிடும்.

"நாளையிலேருந்து நான் எங்க குளிக்கறது?" என்றார் கண்ணாடிக்காரர் மெல்ல.

"துண்டு கட்டிக்கிட்டுக் குளிங்க. பெரியவங்க முன்னாடி எல்லாரும் அப்படித்தான் குளிக்கணும்."

பேசினில் படிந்த வண்டலையும், தரையிலிருந்து வழித்ததையும், சுவரிலிருந்து பெயர்ந்ததையும் ஒரு தாம்பாளத்தில் பரப்பினார்கள். ஈரம் சொட்டச் சொட்ட ஜாடியில் போட முடியாது.

"உன் சூளையில வச்சுக் காய வச்சிடலாமா?"

"ஒரு தடவை எரிஞ்சது அவருக்குப் போதாதா?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஃபேனைப் போட்டார். ஈரமாக இருந்தவரை பெரியவர் அசையவில்லை. ஓரம் காய்ந்ததும் கொஞ்சம் பறந்தார். கண்ணாடிக்காரருக்குத் தும்மல் வந்தது.

"தும்மினீங்க, நடக்கறதே வேற!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, ஃபேனை நிறுத்தினார். முகத்தைத் துடைத்தார். துடைத்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல், அதையும் தாம்பாளத்தில் உதறினார். அதற்குப் பிறகு இருவரும் செங்கல் தூளையும் டைல்ஸ் சில்லையும் விரல் நுனியால் பொறுக்கி ஒதுக்கினார்கள். எது சிமெண்ட், எது அப்பா என்று பிரிக்க இருவருக்கும் தெரியவில்லை.

அழைப்பு மணி அடித்தபோது பாதி ஈரமும் பாதி உலர்ந்ததுமாக எல்லாவற்றையும் ஜாடியில் அள்ளிப் போட்டு மூடியிருந்தாள்.

அது அவள் செய்ததிலேயே நல்ல ஜாடி. மழைக்கு முந்தைய வானத்தின் நிறம். இரண்டு கைக்குள் அடங்கும் வயிறு. வேன் டிரைவரின் தங்கை அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டாள். பயணக் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. டிரைவர் அவளுக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றார்.

"ஆஸ்பத்திரில எலும்பும் தோலுமா ஆயிட்டீங்கன்னு அண்ணன் ஃபோன்ல சொன்னான்" என்றாள் அவள், ஜாடியிடம். "நல்ல கனமாத்தான் இருக்கீங்கப்பா."

கண்ணாடிக்காரர் சிமெண்ட் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் ஜாடியில் கன்னத்தை வைத்தாள். "சில்லுன்னு இருக்கீங்க. உங்க கையும் இப்படித்தான் எப்பவும் சில்லுன்னு இருக்கும். நான் டிக்கெட் எடுத்துட்டேன்பா. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

மனைவி சமையலறைக்குள் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தபோது கண் சிவந்திருந்தது. கண்ணாடிக்காரருக்கு அவளைத் தெரியும். ஒரு தொட்டியில் மயிரிழை விரிசல் இருந்தாலும், வாங்குகிறவரிடம் காட்டாமல் அவள் கொடுத்ததில்லை. "வேண்டாம்" என்று கையை ஆட்டினார். கெஞ்சுவதுபோல் கும்பிட்டும் பார்த்தார்.

"தம்பி" என்றாள் அவள் டிரைவரிடம். "கொஞ்சம் உள்ள வாங்க."

குளியலறைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக்காரரும் பின்னாலேயே போனார். தரை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் சுவரைக் காட்டினாள்.

"ஜாடியில உங்க அப்பா பாதிகூட இல்ல தம்பி. கொஞ்சம் இங்க இருக்காரு. கொஞ்சம்..." தரைத் துவாரத்தைப் பார்த்தாள். "தண்ணியோட போயிட்டாரு. மிச்சத்துல சிமெண்ட் கலந்திருக்கு. பத்திரமாப் பாத்துக்கறேன்னு சொன்னது நான்தான். என்னைத் திட்டுங்க, என்ன வேணா சொல்லுங்க. ஆனா தெரியாத மாதிரி உங்களை அனுப்ப என்னால முடியல."

"அவளைத் திட்டாதீங்க" என்றார் கண்ணாடிக்காரர் அவசரமாக முன்னால் வந்து. "அவ ஜாடி மட்டும்தான் செஞ்சா. பூசினது நான். அடிக்கணும்னா என்னை அடிங்க. வேணும்னா சுத்தியல்கூட இங்கயே இருக்கு."

டிரைவர் சுவருக்குக் கிட்டே போனார். அந்த உள்ளங்கை அகலப் பூச்சை ஒரு விரலால் தொட்டார். அவர் தோள் குலுங்கியது. மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

கூடத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது. அவள் இன்னும் ஜாடியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர் கையை நீட்டிக் குளியலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ் போட்டார்.

"மெதுவாப் பேசுங்கக்கா, அவளுக்குக் கேட்டுடப் போகுது... அப்பாவை வேன் சீட்டுக்கு அடியில வச்சுட்டு மறந்துட்டேன், வாட்டர் சர்வீஸ்ல மூடி தெறிக்கப் பீய்ச்சிக் கழுவி விட்டுட்டாங்க; உங்ககிட்ட நான் குடுத்தது ரொட்டிக்கடை அடுப்புச் சாம்பலுக்கா."