டிராகனுக்கு எதிராகப் பத்து வாக்குகள்

நேர்மையான இலக்கிய விமர்சனம் உலகில் இன்னும் உயிரோடிருக்கிறதென்றால், அது எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில்தான். வாசகர் வட்டச் செயலாளர் என்ற முறையில் இதற்கு நானே சான்றளிக்கிறேன்.

சென்ற ஜனவரியில் ஹாலிஸ் டிரான்டர் எழுதிய வேடிக்கை நாவல் எங்கள் "பரிசீலனைக்கு" வந்தது. நெருப்புக் கக்க நகராட்சியிடம் உரிமம் கேட்டு அலையும் ஒரு டிராகனின் கதை. ஹாலிஸும் வந்து உட்கார்ந்திருந்தார். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக் குளிரில், வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுதுபார்க்க எங்கள் ஊருக்கென்று இருக்கும் ஒரே மெக்கானிக் அவர்தான்.

புகழ்ந்து தள்ளினோம். "சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு" என்றார் தலைவி எட்வினா. "காவியம்" என்றேன் நான்.

பள்ளிக்கூடச் சமையற்காரி மெர்ட்டில் மட்டும் தேநீரைக் கீழே வைத்தார். இலக்கியப் பண்பாடு போதாதவர்.

"முதல் நூறு பக்கம் அருமை, ஹாலிஸ். பஸ்ல படிச்சு, இறங்க வேண்டிய இடத்தையே விட்டுட்டேன். ஆனா அந்தக் குட்டிச்சாத்தான் தும்முற ஜோக்கு பதினாலு தடவை வருது. முடிவும் ஏனோதானோன்னு இருக்கு. அதைத் திருத்துனா நல்ல புத்தகம்."

ஹாலிஸின் கண் கலங்கிவிட்டது.

"இதைத்தான் எதிர்பார்த்து வந்தேன். தேறும்னா பாய்லர் வேலையை விட்டுட்டு எழுத உக்காந்துடுவேன். எல்லாரும் மனசைத் தொட்டுச் சொல்லுங்க. தேறுமா?"



"வேலையை விடுறதா? இந்தக் குளிர்லயா?" என்றார் எட்வினா.

அதன்பின் எங்கள் விமர்சனம் நேர்மையின் சிகரத்தைத் தொட்டது.

"முன்னாடி சொன்னது மரியாதைக்குப்பா" என்றார் எட்வினா. "உண்மையில எனக்குச் சிரிப்பே வரலை."

"டிராகன்கிட்ட ஆழம் பத்தலை" என்றேன் நான்.

"மனசாட்சி இருக்கா உங்களுக்கு? அந்த மனுஷனுக்கு எழுத வருது" என்றார் மெர்ட்டில்.

"உணர்ச்சிவசப்படாதீங்க மெர்ட்டில். இது இலக்கியம்" என்று எட்வினா அடக்கினார்.

வட்டத்தின் வழக்கப்படி கைதூக்கி வாக்கெடுத்தோம். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாவல் "தேறாது" என்று தீர்மானமாயிற்று. குறிப்பேட்டில் பதிந்து, ஹாலிஸிடமே கையெழுத்தும் வாங்கினேன். நாலு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து என் பாய்லரைச் சரிசெய்துவிட்டுப் போனார். வீடு இப்போது கதகதவென்று இருக்கிறது. இந்த வாரமாவது அந்த நாவலைப் பிரித்து முதல் பக்கத்தையாவது படித்துவிட வேண்டும்.