நாற்பத்திரண்டு கேள்விகளும் ஒரு படலையும்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. கையில் ஒரு படிவமும் பேனையும் கிடைத்துவிட்டால் போதும், சாதாரண மனிதனாக இருப்பதை விட்டுவிட்டு அதிகாரியாகிவிடுவேன். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கண்காணிப்பு அலுவலராக ஏழு வருடம் இருந்ததால் வந்த வியாதி அது. கிணறு கட்டிக் கொடுத்தால் போய்க் கிணற்றைப் பார்ப்பேன். கோழி கொடுத்தால் போய்க் கோழியைப் பார்ப்பேன். சரி போடுவேன், படம் எடுப்பேன், திரும்பிவிடுவேன். (கோழி போன மாதமே குழம்பாகியிருக்கும். பக்கத்து வீட்டுக் கோழியைப் படம் எடுத்து வந்த நாட்களும் உண்டு.)

மகள் மதுராவுக்கு இரண்டு வயதானபோது வியாதி முற்றியது. மனைவி சுமதிக்கு ஐந்து வருடம் காத்திருந்தபின் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கடமையேற்க வேண்டும். பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. வட்டக்கச்சியில் இருந்த பகல் பராமரிப்பு நிலையத்தில் ஒரேயொரு இடம்தான் மிச்சம். அது கைவிட்டுப் போனால் வேலையும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றும்போது சுமதி சொன்னாள்:

"இஞ்சை பாருங்கோ, தகப்பனாப் போங்கோ. ஒபிசராப் போய் நிக்காதேங்கோ."

"சீச்சீ" என்றேன். என் பைக்குள் அலுவலக அடையாள அட்டையும், இரண்டு நாள் மினக்கெட்டுத் தயாரித்த நாற்பத்திரண்டு கேள்விகளும் இருந்தன.

நிலையத்தை நடத்தியவர் புஷ்பம் ரீச்சர். குரலை உயர்த்தத் தேவைப்படாத ஆள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வியக்காவிடம் மகளை விட்டுவிட்டு, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். குசினியில் சமையல் கத்தி எங்கே, மருந்துப் பெட்டி எங்கே, கிணற்றுக்கு மூடி உண்டா என்று துருவித் துருவிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. எனக்குப் பெரிய ஏமாற்றம். (பிழை இல்லாத இடத்தில் அலுவலருக்கு என்ன மரியாதை?)

"விபத்துப் பதிவு ஏதும் வைச்சிருக்கிறீங்களோ?"

"ஓம் தம்பி" என்று ரீச்சர் ஒரு தடித்த கொப்பியைத் தந்தார். திறந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. 'கதிரையிலிருந்து விழுந்தது. முழங்காலில் உரசல். மருந்து போட்டது. தாய்க்குச் சொன்னது.' 'கண்ணுக்குள் மணல். கழுவியது.' ஒவ்வொன்றின் கீழும் பெற்றோரின் கையெழுத்து.

"என்ன ரீச்சர், இவ்வளவு விபத்தோ? நான் பாத்த வேறை இடங்களிலை கொப்பி வெறுமையாக் கிடக்குது."

"அங்கை பிள்ளையள் விழுறேல்லையோ தம்பி, இல்லாட்டி எழுதுறேல்லையோ?"

ஏழு வருடம் நான் சம்பளம் வாங்கியதே அப்படியான வெறும் கொப்பிகளுக்குச் சரி போட்டுத்தான். முகத்தை மறைக்க, "வெளிப்பக்கத்தையும் பாக்கவேணும்" என்று பின்வளவுக்குப் போனேன்.

வேலியின் பின்படலைக்கு ஒரு கம்பி வளையம் மாட்டியிருந்தது. அப்பால் ஆடுமாடு போகும் ஒழுங்கை, அதைத் தாண்டினால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். படத்தில் வடிவாக விழவேண்டும் என்று படலையை அகலத் திறந்து ஒரு படம் எடுத்தேன். 'வளையம் போதாது' என்று எழுதினேன். எழுதிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். படலையைத் திறந்தவன்தான் சாத்தவும் வேண்டும், இல்லாவிட்டால் ஆடுமாடு வளவுக்குள் வந்துவிடும் என்பது வன்னியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கேள்விகள் மட்டும்தான் தெரிந்தன.

முப்பத்தோராவது கேள்வி: 'பிள்ளைகளை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எண்ணுகிறீர்கள்?' அதை வாசித்து முடிக்கவில்லை, வெளியில் செல்வியக்காவின் குரல் கேட்டது.

"ரீச்சர், பதின்மூண்டுதான் நிக்குது! புதுப்பிள்ளையைக் காணேல்லை!"

புதுப்பிள்ளை என்றால் என் பிள்ளை.

ரீச்சர் முன்படலைக்கு ஓடினார். செல்வியக்கா பின்படலைக்கு ஓடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கண்ணுக்குள் வாய்க்கால் மட்டும்தான் ஓடியது. படிவம் கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை. செல்வியக்கா திரும்பி வந்தபோது இடுப்பில் மதுரா இருந்தாள், வாயில் பாதி தின்ற இலைக்குழையோடு. ஒழுங்கைக் கரையில் ஆடுகளோடு நின்று அவை தின்பதைத் தானும் தின்று பார்த்திருக்கிறாள். பின்னாலேயே வந்த ஓர் ஆடு கீழே கிடந்த என் படிவத்தின் முதற்பக்கத்தைத் தின்னத் தொடங்கியது. நான் மகளை வாங்கி அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"ஆர் படலையைத் திறந்துவிட்டது?" என்று ரீச்சர் கேட்டார்.

பொய் சொல்ல வழியில்லை. ஆதாரம் என் போனிலேயே இருந்தது. "நான்தான் ரீச்சர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கொப்பியை எடுத்து எழுதினார்: 'பிள்ளை படலைக்கு வெளியே போனது. காயமில்லை. படலையைத் திறந்துவிட்டவர்: தகப்பன்.'

"கையெழுத்து வையுங்கோ தம்பி."

வைத்தேன். இடம் இனிக் கிடைக்காது என்றே நினைத்தேன். சுமதிக்கு என்ன சொல்வதென்று யோசித்தபடி திரும்பினேன்.

"திங்கக்கிழமை கொண்டு வாங்கோ. பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை" என்றார் ரீச்சர். "ஆனா நீங்கள் படலைக்கு வெளியிலை நிண்டு குடுங்கோ."

மதுரா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளின் தங்கச்சி அதே நிலையத்துக்குப் போகிறாள். நான் இன்றைக்கும் படலைக்கு வெளியேதான். வீட்டில் கறியில் உப்புக் குறைவு என்று வாயைத் திறந்தாலே சுமதி, "முதல் படலையைச் சாத்துங்கோ" என்பாள்.

போன கிழமை நான் சின்னவளைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது ஓர் இளந்தகப்பன் கையில் படிவத்தோடு நிலையத்துக்கு வந்திருந்தான். ரீச்சர் முற்றத்தில் வைத்தே கொப்பியை விரித்துக் காட்டினார்.

"இவ்வளவு காலத்திலை ஒரு பிள்ளைதான் தம்பி வெளியிலை போனது."

"அப்பிடிக் கவனமில்லாமல் விட்ட ஆளை என்ன செய்தனீங்கள்?" என்று அவன் விறைப்பாகக் கேட்டான்.

ரீச்சர் படலைப் பக்கம் கையைக் காட்டினார். "உதிலைதான் நிக்கிறார், கேளுங்கோ."

கழற்றியிருந்த தலைக்கவசத்தை நான் மறுபடி மாட்டிக்கொண்டேன்.