சிவப்பு வண்டிக்கு வடம்

ராஜபாளையத்து வரதராஜ், ஸ்ரீவில்லிபுத்தூர் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் வேகத்தடைப் பிரிவின் உதவிப் பொறியாளர். ரெண்டு ஊருக்கும் நடுவே கிடக்கிற ரோட்டில் எங்கெங்கே மேடு வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்திருந்தது. பள்ளத்துக்கு என்று தனியாக ஆள் போடவில்லை. அது தானாகவே நன்றாக நடந்துவந்தது.

இந்தப் பக்கத்தில் வேகத்தடை என்பது வேகத்தைத் தடுக்க அல்ல, மரியாதைக்கு. மேலத்தெருவில் ரெண்டு மேடு இருக்கையில், கீழத்தெருக்காரன் ஒற்றை மேட்டை வைத்துக்கொண்டு எப்படித் தலைநிமிர்ந்து சம்பந்தம் பேசுவான்? கல்யாண மண்டபக்காரர் ஒன்று கேட்டார். டீக்கடைக்காரர், தன் கடை முன்னால் பஸ் தயங்கினால் வடை விற்கும் என்று ஒன்று கேட்டார். எல்லாருக்கும் வரதராஜ், 'மனித உயிரின் மேன்மை கருதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் வெறுங்கையோடு வந்ததில்லை.

அப்படிச் சேர்ந்த மேன்மையில்தான் அவர் கார் வாங்கினார். கொச்சியில் யாரோ ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட, ரெண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியை நிறுத்த முடியாது, படுக்கவைக்கலாம்.

"தினம் ஆபீசுக்கு இனிமே இதுலதான்" என்றார் மனைவி வைஜயந்தியிடம்.

"ஏங்க, இதுல உக்காரணுமா, படுக்கணுமா?"

ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். கிணற்றில் விழுந்தவளைத் தூக்குகிற மாதிரி பக்கத்துவீட்டு ஆட்கள் கைகொடுத்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தாள்.

முதல் நாளே டீக்கடை மேட்டில் வண்டி ஏறி உட்கார்ந்துகொண்டது. வயிறு மேட்டின்மேல், சக்கரங்கள் அந்தரத்தில். சிங்கம் மாதிரி உறுமியது. உறுமல் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது. ஆட்டோக்காரன் கருத்தப்பாண்டி ஆள் கூட்டிக்கொண்டு தூக்க வந்தான்.

"சார், இது எம்புட்டு வேகம் போகும்?"

"முந்நூறு."

"எப்பப் போகும்?"

கருத்தப்பாண்டி குனிந்து மேட்டைத் தடவிப் பார்த்தான்.

"இது நீங்க போட்டதுதான சார்?"

"பேசாமத் தூக்குடே."

"தூக்குதோம். நல்லாத்தான் கட்டியிருக்கீக. உங்க ஆபீசு போட்ட ரோடெல்லாம் ஒரு மழைக்குத் தாங்கல. இது மட்டும் கரையவே இல்ல."

மேட்டுக்கு மேடு இதே கதை. ஆபீசில் விரல் வைக்கிற இயந்திரத்துக்கு ஸ்போர்ட்ஸ் காரின் பெருமை தெரியாது. தினமும் 'தாமதம்' என்றது. மேலதிகாரி ஸுந்தரராஜன் கூப்பிட்டார்.

"ஓய், இன்னும் ஒரு வாரம் இப்படி வந்தீர்னா மாத்திடுவா. கடலோரமா ஒரு இடம் காலியா இருக்கு. அங்க ரோடே கிடையாது. மேட்டை எங்கே போடுவீர்?"

வரதராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். மேடு இல்லாத ஊரில் மேன்மை ஏது?

"பேசாம பஸ்ஸுல வாருமேன்."

"ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவன் பஸ்ஸுல வந்தா ஊரு சிரிக்காதா சார்?"

அது நியாயம் என்று ஸுந்தரராஜனுக்கும் பட்டது.

ஆகவே கருத்தப்பாண்டியின் ஆட்டோ ரெண்டு பலகையை ஏற்றிக்கொண்டு காருக்கு முன்னால் போக ஏற்பாடாயிற்று. மேடு வந்தால் பலகை போடுவான். கார் ஏறி இறங்கும். பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த மேட்டுக்கு ஓடுவான். சும்மா போவானேன் என்று ஆளும் ஏற்றினான். அவர்கள் பாதிவழியில் பஸ் மாறி நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள். ராஜபாளையத்து நாய் எதையும் துரத்தும். இந்தக் காரை மட்டும் அது துரத்தவில்லை. பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு, அலுத்துப்போய்த் திரும்பிவிட்டது.

பலகையில் ஏறி இறங்கியே அடியில் ஏதோ உடைந்து, ஒருநாள் என்ஜின் அடங்கிவிட்டது. மெக்கானிக் சமுத்திரம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"சாமான் வெளிநாட்டுலருந்து வரணும் சார்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கயிறுதான்."

கயிறு கட்டி இழுத்தார்கள். பத்துப் பேர் முன்னால் இழுக்க, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க ரெண்டு பேர், வேடிக்கை பார்க்க ஊரே. வரதராஜ் உள்ளே கறுப்புக் கண்ணாடியோடு வீற்றிருந்தார். மத்தியானம் ஆபீசுக்குள் நுழைந்து ஸுந்தரராஜன் முன்னால் நின்றார்.

"சார், அம்புட்டு மேட்டையும் எடுத்துர உத்தரவு போடுங்க."

"எப்படி ஓய் போட? ஒவ்வொண்ணும் உயிர் காக்கும்னு நீர்தானே எழுதியிருக்கீர்? எடுத்தா உயிருக்கு யார் பதில் சொல்றது?"

"அப்ப ஒரு வழியும் இல்லையா?"

"தேருக்கு மட்டும் எடுக்கலாம். தேர் வந்தா மேட்டை வெட்டணும், நிலைக்கு வந்தப்புறம் திரும்பப் போடணும். அது விதி." சொல்லிக்கொண்டே ஸுந்தரராஜன் ஜன்னல் வழியாகக் கீழே கயிறோடு நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்தார். "ஓய், உம்ம வண்டியை எத்தனை பேர் இழுத்தா?"

"பத்துப் பேர் சார்."

"கட்டை கொடுத்தாளா?"

"கொடுத்தாங்க."

"கூட்டம்?"

"அது கிடக்கு, எக்கச்சக்கம்."

"அப்புறம் என்ன? தேர்னு எழுதினா கோயில் பெரியவா கோவிச்சுப்பா. 'வடம் பிடித்து இழுக்கப்படும் ஊர்தி'ன்னு எழுதும். நான் கையெழுத்துப் போடறேன்."

உத்தரவு வந்தது. மேடுகளை வெட்டி ரோட்டைக் கண்ணாடி மாதிரி ஆக்கினார்கள். சலுகை வடம் பிடிக்கும் ஊர்திக்கு மட்டுமே ஆகையால், எக்காரணம் கொண்டும் என்ஜினைக் கிளப்பக் கூடாது என்று ஒரு நிபந்தனை. வரதராஜ் ஒப்புக்கொண்டார். சாமான் வந்தபோது பிரிக்காமலே பரணில் போட்டார். வடம் பிடித்த நேரத்திலிருந்தே அவர் பணியில் இருப்பதாகக் கருதலாம் என்று இன்னோர் உத்தரவும் வந்ததால், மாற்றல் நின்றது. பதவி உயர்வும் வந்தது. இழுக்கிறவர்களுக்குத்தான் சம்பளம் பிடித்தார்கள், அவரவர் வேலைக்குத் தாமதமாகப் போனதற்கு.

பின்னால் வருகிற பஸ்ஸில் இருப்பது நாம்தான். ஊர்தியை முந்தக் கூடாது என்பதும் விதி. உட்கார்ந்திருந்தால் வீடு போய்ச் சேர முடியாது. முதலில் திட்டினோம். பிறகு இறங்கினோம். இறங்கியவர்கள் சும்மா நிற்பானேன் என்று ஆளுக்கொரு கை பிடித்தோம். பிடித்த கையோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

போன வாரம் கீழத்தெருக்காரர்கள் திரண்டு போய் ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்தியை ஒழிக்கச் சொல்லி அல்ல. மேலத்தெருக்காரர்களே முழு வடத்தையும் பிடித்துக்கொள்கிறார்களாம். தங்களுக்கும் இடம் கிடைக்கும்படி வடத்தை நீளமாக்கித் தர வேண்டுமாம்.

மனித உயிரின் மேன்மை கருதி அது பரிசீலனையில் இருக்கிறது.