பல் டாக்டரும் இரண்டு டர்போக்களும்

பல் டாக்டரின் கருவித் தட்டில், இடுக்கிகளுக்கும் சின்னக் கண்ணாடிகளுக்கும் நடுவே, ஒரு டர்போ உட்கார்ந்திருந்தது.

அது அங்கே வந்ததற்கு முழுப் பொறுப்பு டாக்டரின் மனைவி. "அந்த இரும்பு வீட்டுக்குள்ள வந்தா நான் வெளியில போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால் அவளுடைய தம்பி, மெக்கானிக், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை நேரே கிளினிக்குக்கே தூக்கிவந்து, வெள்ளைத் துணியின்மேல் பொத்தென்று வைத்தான்.

"மாமா, உங்க வண்டி இன்ஜினுக்குன்னே செஞ்சது. இப்ப யாரும் இதைச் செய்யறதில்ல. ஒரு பழைய கடையைக் காலி பண்றப்ப கிடைச்சுது. போடறதா வேணாமான்னு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க. இன்னொருத்தர் கேட்டுட்டு நிக்கறார்."

"போட்டா வண்டி தாங்குமா?"

"நான் போட்டா தாங்கும்."

"நீ போட்டு முடிச்ச மறுநாள் கம்பெனிக்காரனே டர்போ வச்சு புது மாடல் விட்டா?"

"இதையே நாலு வருஷமா கேக்கறீங்க, மாமா" என்று சொல்லிவிட்டு மைத்துனன் போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மைதான். டாக்டரிடம் இருந்தது இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகக் கிடக்கும். அழகில் குறை சொல்ல முடியாது, வளைவுகளில் சொன்ன பேச்சைக் கேட்கும், மேட்டைக் கண்டால் மட்டும் மூச்சு வாங்கும். டர்போ இருந்தால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும். ஆனால் வெளியில் வாங்கி மாட்டிய டர்போவோடு போனால் ஷோரூமில் பழைய காரை எடுத்துக்கொண்டு புதுக் காரைத் தரமாட்டார்கள். மாட்டினால் புது மாடல் இல்லை, மாட்டாவிட்டால் இந்த ஜென்மத்தில் மேடு இல்லை என்று டாக்டர் நாலு வருஷமாக நடுவில் நின்றார்.

இப்போது நிற்கவும் நேரமில்லை. போன மாதம் முட்டி வைத்தியர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தாழ்வான கார்ல ஏறி இறங்க இன்னும் ரெண்டு வருஷம் ஒத்துக்கும். அப்புறம் உயரமான வண்டியாப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. மலைச்சாலையில், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, ஒரே ஒரு தடவையாவது விர்ரென்று ஏறிவிட வேண்டும். அவர் வாழ்க்கையில் பாக்கியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

முதல் நோயாளியாக பேங்க் மேனேஜர் வந்து படுத்தார். டாக்டர் அவர் வாயில் பஞ்சை வைத்தார்.

"இது என்ன தெரியுமா சார்? டர்போ."

"ஆ" என்றார் மேனேஜர், தட்டில் இருந்ததைக் கலவரத்தோடு பார்த்தபடி.

டாக்டருக்கு டர்போமேல் பக்தி வந்ததே தொழிலால்தான். அவர் கையில் பிடித்திருக்கும் துளைக்கருவிக்குள் மிளகளவு ஒரு சக்கரம் காற்றிலேயே நிமிஷத்துக்கு நாலு லட்சம் சுற்று சுற்றுகிறது. முப்பது வருஷம் அதைப் பிடித்தும் அவருக்கு ஆச்சரியம் குறையவில்லை. வெறும் காற்று போய்ப் பல்லைத் தூளாக்குகிறதே என்று இன்னும் சில நாள் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சைலன்சர் வழியா வீணாப் போற புகை சார். அதை வச்சே ஒரு சக்கரத்தைச் சுத்த விட்டு, இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கறான். தூக்கிப் போடறதுலயிருந்து பலம். இதையும் ஒரு மனுஷன் உக்காந்து யோசிச்சிருக்கான் பாருங்க."

"ஆ."

"கம்பெனிக்காரன் இதைப் போட்டுத்தான் ஆகணும். அடுத்த வருஷம் வந்துடும்."

கையில் கருவி இருக்கும்போது டாக்டர் எதையும் இழுத்துப் பேசுவதில்லை. 'வலிக்கலாம்', 'பார்க்கலாம்' என்று சொன்னால் நாற்காலியில் இருப்பவர் எழுந்து ஓடிவிடுவார். அதனால் வலிக்காது என்றால் வலிக்காது, இரண்டு நிமிஷம் என்றால் இரண்டே நிமிஷம். பல்லுக்கு ஏற்பட்ட பழக்கம் மற்றப் பேச்சுக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

மேனேஜரின் பல்லில் சிமெண்ட் காய வேண்டியிருந்த நேரத்தில் டாக்டரால் பொறுக்க முடியவில்லை. பல்லை உலர்த்தும் காற்றுக் குழாயை டர்போவின் வாயில் வைத்து அழுத்தினார்.

சக்கரம் முதலில் முனகியது. பிறகு பாடியது. பிறகு இதழ்களெல்லாம் கரைந்து வெறும் வெள்ளி வட்டமாகி, அறை முழுக்க ஒரு கூர்மையான ஓசை எழுந்தது. டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேனேஜருக்கும் வந்தது, ஆனால் அது பயத்தில் வந்தது.

கதவைத் திறந்துகொண்டு உதவியாளர் எட்டிப் பார்த்தாள். டாக்டரோடு முப்பது வருஷமாக வேலை பார்க்கும் அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டாக்டர், வெளியில ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. இவ்வளவு பெரிய மிஷின்ல பல்லைத் துளைச்சுக்க மாட்டாங்களாம்."

டாக்டர் அவசரமாக டர்போவைத் துணியில் சுற்றிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தார். பிரச்சினை ஒழிந்தது என்று நினைத்தார். கால் மணி நேரத்தில் கிளினிக் முழுக்க வாணலியில் கிரீஸைத் தாளித்த வாசனை வந்தது.

"சிஸ்டர், துணியில சுத்தி வச்சிருந்தேனே?"

"ஆமா டாக்டர். அழுக்கா இருந்துச்சு. கருவிகளோட சேர்த்துக் கொதிக்கப் போட்டுட்டேன்."

"அது கருவி இல்ல, சிஸ்டர்."

"காலையில தட்டுல இருந்துச்சே. தட்டுல இருக்கறதைக் கழுவாம நான் என்னைக்கு விட்டிருக்கேன்?"

வெளியே எடுத்தபோது அது பளபளவென்று புதுசாக இருந்தது. தொட முடியாத சூடு. வாசனைக்குப் பயந்து இன்னொருவரும் கிளம்பவே, டாக்டர் கையில் உறையோடு வரவேற்பறைக்கு ஓடினார்.

"யாரும் போகாதீங்க. உள்ள வந்து நீங்களே பாருங்க. பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

தையல்காரரும் கணக்கு டீச்சரும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். டாக்டர் மறுபடி காற்றை வைத்தார். வெள்ளி வட்டம் எழுந்தது. தையல்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. டீச்சர் தன் வீங்கின கன்னத்தையே மறந்து, "இது பொருளா, உயிரா?" என்று மெல்லக் கேட்டாள். பஞ்சை எடுத்துவிட்டு மேனேஜரும் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த அறையில் ஒருவருக்கும் பல்வலி இல்லை.

டாக்டருக்கு மனம் நிறைந்துவிட்டது. தம் சங்கடத்தை அவர்களிடம் கொட்டினார். இதை மாட்டிக்கொள்வதா, கம்பெனி டர்போவுக்குக் காத்திருப்பதா?

"மாட்டிடாதீங்க டாக்டர்" என்றார் தையல்காரர். "கம்பெனி வண்டி நிச்சயமா வருது. ஷோரூம் மேனேஜர் கோட்டு தைக்க வந்தப்ப அவர் வாயாலயே சொன்னார்."

"என் தம்பிகிட்டயும் அவர்தான் சொன்னாராம்" என்றாள் டீச்சர். "வேற கார் வாங்கப் போனவனை நிறுத்தி, கொஞ்சம் பொறுங்க தம்பின்னு திருப்பி அனுப்பிட்டாராம்."

"எனக்கும் அங்கதான் சொன்னாங்க" என்றார் பேங்க் மேனேஜர். "அதுக்காகவே நானும் வாங்காம இருக்கேன்."

"கம்பெனி ஆபீஸ்ல கேட்டா?" என்றார் டாக்டர்.

"இல்லவே இல்லைன்னு சாதிக்கறாங்களாம்" என்றார் தையல்காரர். "இல்லாத ஒண்ணை ஏன் சார் அவ்வளவு அழுத்தி இல்லைங்கணும்?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாலு வருஷமாகத் தனியாளாக நம்பியிருந்தார். இன்றைக்கு ஊரே நம்புகிறது. விற்கிற ஆளே, கையில் இருக்கும் வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? எங்கோ ஒரு தொழிற்சாலையில் தம் காருக்கு இதயம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு மெய் சிலிர்த்தது.

ஐந்தரைக்கு மைத்துனன் வந்தான்.

"வேணாம்ப்பா. நான் காத்திருக்கேன்."

"நல்லா யோசிச்சீங்களா? இது போனா இன்னொண்ணு கிடைக்காது, மாமா. முட்டிக்கும் நாள் எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

"வருது. அடுத்த வருஷம்."

மைத்துனன் டர்போவைத் தூக்கினான், திருப்பிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். "யார் இதைக் குளிப்பாட்டினது?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் வெளியே கொண்டுபோனான். தெருவில் நின்றிருந்த ஒரு வேனின் பின்பக்கம் அதை ஏற்றினார்கள். கூட வந்திருந்த ஆள் அதற்கு மெத்தை விரித்து வைத்திருந்தார். வேன் தெருமுனை திரும்பும்வரை டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் பெரிய ஒன்றுக்காகத்தான் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

ஷோரூம் ஏழு மணிக்கு மூடுவார்கள். ஆறரைக்கு டாக்டர் காரை வாசலில் நிறுத்தி, கதவைப் பிடித்து, கூரையைப் பிடித்து, முட்டியைக் கையால் நிமிர்த்தி ஒருவழியாக வெளியே வந்தார்.

ஷோரூம் மேனேஜர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். இப்படி ஒரு மரியாதையை டாக்டர் எதிர்பார்க்கவில்லை.

"டர்போ மாடலுக்குப் பேர் கொடுக்க வந்தேன்" என்றார் டாக்டர். "முதல் பேர் என் பேரா இருக்கணும்."

"உங்க பேர்தான் டாக்டர் முதல் பேர். அப்பவே எழுதியாச்சு."

மேனேஜர் ஒரு நோட்டை விரித்துக் காட்டினார். டாக்டர் பெயருக்குக் கீழே முப்பத்திரண்டு பெயர்கள். டாக்டர் அந்தப் பட்டியலை விரலால் தடவினார். முப்பத்திரண்டு பேரும் அதே மேட்டில் அதே ஓசையோடு ஏறப்போகிறவர்கள்.

"வண்டி எப்போ வருது?" என்று கேட்டார்.

மேனேஜர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"அதை நீங்கதான் சொல்லணும் டாக்டர். மூணு வருஷம் முன்னாடி என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கறப்ப நிச்சயமா வருதுன்னு நீங்க சொன்னதை நம்பித்தான் இத்தனை பேரை நிறுத்தி வச்சிருக்கேன். அன்னைக்கு வாய் நிறையப் பஞ்சு, தேதி கேக்க முடியல."