அழுதால் சாவி கிடைக்கும்

பச்சை மூஞ்சி தீர்ந்துபோயிருந்தது.

ஆர்லன் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். மஞ்சளும் சிவப்பும்தான் விழுந்தன. வான்கோழி இறைச்சி ஆலைக்குள் நுழைகிறவர்கள், கையுறை மாட்டுவதற்கு முன்னால், வாசல் பலகையில் தங்கள் பெயருக்கு நேரே ஒரு காந்த மூஞ்சியை ஒட்ட வேண்டும். சிரித்தால் பச்சை, சிரிக்காவிட்டால் மஞ்சள், அழுதால் சிவப்பு. தொழிலாளியின் மனசு எப்படி இருக்கிறது என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கும் பலகை இன்னும் வந்தபாடில்லை.

மணி அடித்தது. ஆர்லன் ஒரு மஞ்சளை ஒட்டிவிட்டு ஓடினார்.

காபி நேரத்துக்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மனநல அறை என்பது போன வருஷம் வரை பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கிய இடம். இப்போது அங்கே மஞ்சள் விளக்கும், தண்ணீர் சொட்டுகிற சின்னப் பொம்மையும், கலிஃபோர்னியாவிலிருந்து மனநல ஆலோசகராக வந்த சியரா என்ற பெண்ணும் இருந்தார்கள். வாசனை மட்டும் மாறவில்லை.

"எப்படி இருக்கீங்க, ஆர்லன்?"

"அவ்வளவு மோசமில்ல மேடம்."

மினசோட்டாவில் ஒரு மனிதன் தன் சந்தோஷத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்லிவிட முடியாது. கல்யாணத்தன்று கேட்டாலும் இதுதான் பதில். லாட்டரி விழுந்த மறுநாள் கேட்டாலும் இதுதான். சியராவுக்கு அது தெரியவில்லை. முகம் வாடிவிட்டது.

"மோசம்னா... எவ்வளவு மோசம்?"

"இதவிட மோசமா இருந்திருக்கலாம்."

"ராத்திரி தூக்கம்?"

"குறை சொல்றதுக்கில்ல."

"வீட்டுல மனசு விட்டுப் பேசுவீங்களா?"

"எதப் பத்தி?"

இந்தப் பதிலில்தான் ஆர்லன் கவிழ்ந்தார். சியரா மெதுவாகக் கையை நீட்டினாள்.

"ஃபோர்க்லிஃப்ட் சாவியக் குடுங்க. மனசு சரியில்லாதப்ப வண்டி ஓட்டக் கூடாது. கொஞ்ச நாள் உங்க பழைய இடத்துக்கே போங்க. நாலு பேரோட இருக்கறது மனசுக்கு நல்லது."

பழைய இடம் என்றால் கொக்கி வரிசை. உயிருள்ள வான்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். கோழிக்கு அதில் விருப்பம் கிடையாது. அந்த வேலையில் ஆர்லனின் வலது தோள் போய்விட்டது. இடது தோள் போய்க்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷம் மாட்டிய பிறகுதான், போன கோடையில், அவருக்குச் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் உட்காருகிற பாக்கியம் கிடைத்தது. இப்போது மனசைக் காப்பாற்றுவதற்காகத் தோளைப் பலிகொடுக்கச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் லைல் காத்திருந்தான். குளிர்கிடங்கில் இன்னொரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆளைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்கு ரொட்டி இறங்காது.

"வாடா மஞ்சளு! நீயே கடிச்சுத் தின்னுவியா, இல்ல நான் ஊட்டி விடணுமா?"

மேசை முழுக்கச் சிரித்தது.

"பச்சை தீர்ந்துபோச்சுடா" என்றார் ஆர்லன்.

"அதப் போயி அவகிட்டச் சொல்லாத, மருந்து குடுத்துருவா. நான் சொல்றதக் கேளு. நாளைக்குப் போயி நல்லா சிரி. கலிஃபோர்னியாக்காரங்களுக்குப் பல்லு தெரிஞ்சாத்தான் நம்பிக்கை."

மறுநாள் ஆர்லன் சிரித்தார். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். "அருமையான நாள்! நான் ரொம்ப ரொம்ப சந்தோஷமா இருக்கேன்!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் ஊரில் அப்படிப் பேசுகிறவனைப் பார்த்தால் குழந்தைகளை உள்ளே கூட்டிப்போவார்கள். மேஸ்திரி அவர் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே சியராவிடம் அனுப்பினார்.

"இது வலிய மறைக்கிற சிரிப்பு, ஆர்லன்" என்றாள் அவள். "உள்ள எவ்வளவு அழுத்தி வெச்சிருக்கீங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது."

கொக்கி வரிசை இன்னும் ஒரு வாரம் நீண்டது.

வீட்டுக்குப் போனால், சமையலறை மேடையில் நான்கு ஹாட்டிஷ் தட்டுகள். கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்டது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கும் சாகப்போகிறவர் வீட்டுக்கும் அதைத்தான் கொண்டுவருவார்கள். மனைவி மார்லிஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உனக்கு என்ன கோளாறுன்னு என்கிட்ட முதல்ல சொன்னா குறைஞ்சா போயிருவ? பின் தெருக்காரி தட்டத் தூக்கிட்டு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"ஒண்ணுமில்ல மார்லிஸ். தீர்ந்துபோச்சு."

"என்ன தீர்ந்துபோச்சு?"

"மூஞ்சி."

மார்லிஸ் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பாதிரியாருக்குப் போன் போட்டாள். பாதிரியார் வந்தார். காபி குடித்தார். பனியைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். விஷயத்தைத் தொடவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "நாங்கல்லாம் இருக்கோம் ஆர்லன்" என்று சொல்லி, பாசமாகத் தோளை அழுத்தினார். வலது தோளை.

ஆர்லன் போட்ட அலறல் பின் தெரு வரைக்கும் கேட்டது. மறுநாள் காலை ஆலைக்கும் கேட்டுவிட்டது.

"நீ அந்த சியராவுக்குப் போன் பண்ணு" என்று மார்லிஸிடம் கெஞ்சினார். "நான் நல்லாத்தான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு. கட்டின பொண்டாட்டி சொன்னா நம்புவா."

மார்லிஸ் பொய் சொல்லத் தெரியாதவள். உள்ளதைச் சொன்னாள்.

"அவர் எப்பவும் இப்படித்தான்ம்மா. அதிகம் பேசமாட்டார். சாப்பிடுவார், சுவத்தப் பாப்பார், தூங்கிருவார். முப்பது வருஷமா இதே மாதிரிதான்."

"முப்பது வருஷமாவா!" என்றாள் சியரா. குரல் உடைந்துவிட்டது.

அன்று மாலையே மேஸ்திரி வந்து சொன்னார்: "நாள்பட்ட கேஸாம்ப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம். அப்புறம் உன் வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நீ கொக்கியோடதான்."

அன்றிரவு இரண்டு தோளிலும் களிம்பு தடவிக்கொண்டு படுத்தபோதுதான் ஆர்லனுக்கு உறைத்தது. சுகமாக இருப்பவனை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது துக்கம். ஒரு துக்கத்தைக் கொடுத்தால் குணப்படுத்திவிட்டுப் போகிறாள்.

ஆனால் அவரிடம் துக்கம் கைவசம் இல்லை. இருந்ததெல்லாம் தோள்வலி. அது அவள் இலாகாவில் வராது. யோசித்து யோசித்து, என்றைக்கோ சாப்பாட்டு மேசையில் யாரோ ஒரே மூச்சில் சொல்லி முடித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போது எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு மஸ்டர்ட் பாட்டிலைக் கேட்டார்கள். சொன்னது யார் என்றுகூட ஞாபகமில்லை. கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்று ஆர்லன் அதை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சியராவின் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் மேடம்."

சியரா தண்ணீர்ப் பொம்மையை நிறுத்தினாள்.

"மார்ச் மாசம். மீன் பிடிக்கப் போனோம். ஏரி மேல ஐஸ். 'வண்டி போனாத் தாங்குமா'ன்னு கேட்டான். நான்தான் 'தாங்கும், போடா'ன்னேன்."

இந்த இடத்தில் கண்ணீர் வர வேண்டும். வரவில்லை. ஆர்லன் வலது கையைத் தலைக்கு மேல் ஒரே தூக்காகத் தூக்கினார். பொலபொலவென்று கொட்டியது.

"பாதி ஏரி வரைக்கும் கையாட்டிக்கிட்டே போனான் மேடம்..." என்று தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தார்.

சியரா அவரைவிட அதிகமாக அழுதாள். அழுது முடித்து, மேசை இழுப்பறையைத் திறந்து, சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நான் இங்க வந்ததுக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் கிடைச்சுது. நீங்க குணமாயிட்டீங்க, ஆர்லன்."

ஆலை முழுக்கச் செய்தி பரவியது. ஆர்லன் அழுதாராம், அழுது சரியாகிவிட்டாராம். திங்கட்கிழமை அவர் ஃபோர்க்லிஃப்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தோள் ஒன்றும் செய்யவில்லை, விரல்தான் நெம்புகோலை அசைத்தது. யாராவது கேட்டால், அவ்வளவு மோசமில்லை என்றே சொல்லியிருப்பார்.

மதியத்துக்கு மேல் லைல் வந்தான். நடந்து வந்தான். கிண்டல் எதுவும் பண்ணவில்லை. வண்டிச் சக்கரத்தைக் காலால் லேசாக உதைத்தான்.

"பனி வரும்போல" என்றான்.

"வரும்."

"காத்து வடக்க இருந்து அடிக்குது."

"ஆமாமா." ஆர்லன் அவன் பின்னால் எட்டிப் பார்த்தார். "உன் வண்டி எங்கடா?"

லைல் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"நீயே போயி அழுதிருக்கியேன்னு எனக்கும் தைரியம் வந்து, இத்தன வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணுகிட்டப் போயி என் தம்பி ஐஸு உடைஞ்சு ஏரில முழுகிப் போனதச் சொன்னேன்டா, 'அடுத்தவங்க துக்கத்தத் திருடிக் கேலி பண்றியா'ன்னு சாவியப் பிடுங்கிட்டா."