டிபன் பாக்ஸோடு நின்ற அத்தை

எனக்குத் தெரிந்து, செத்தவரை முகநூலில் உயிரோடு எழுப்பிய ஒரே ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை.

அப்போது ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்களின் கண்ணையும் சிறுநீரகத்தையும் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஓர் ஆய்வில் வேலை பார்த்தேன். ஆண்டுக்கு ஒருநாள் பரிசோதனை. மூன்றாம் ஆண்டே பலர் நின்றுவிட்டார்கள். "ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சா யாரும் விட்டுப் போகமாட்டாங்க சார்" என்று மேலாளரிடம் அடித்துவிட்டேன். (இருபத்து மூன்று வயது. லைக் போட்டவரெல்லாம் சொந்தக்காரர் என்று நம்பிய காலம்.)

அடுத்த பரிசோதனைக்கு வந்த பேச்சியம்மாளும் அவளுடைய அத்தை மாடத்தியும், நாங்கள் கொடுத்த டிபன் பாக்ஸைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். படம் எடுத்தேன். போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'தவறாமல் வரும் எங்கள் தங்கங்கள்: பேச்சியம்மாளும் அத்தை மாடத்தியும்' என்று எழுதி ஏற்றினேன். முதல் லைக் பேச்சியம்மாளின் கங்காணி போட்டது. பக்கத்தில் சேரச் சொல்லி அவரைக் கெஞ்சியதும் நான்தான்.

அவருடைய அளத்தில் துட்டி வீட்டுக்குப் போவதற்கு மட்டும்தான் கேள்வியில்லாமல் லீவு. அத்தை செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் பேச்சியம்மாள் வந்திருந்தாள்.

மறுநாள் கங்காணி அவளிடம் போனை நீட்டினாராம். "பொணம் டிபன் பாக்ஸோட நிக்கு. நீ இனி இங்கன வராத."

ஓடிப்போய் அவர் முன் நின்றேன்.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது."

"அப்பம் நீ வந்து உப்பு வாருதியா?"

இரண்டு வாரம் கழித்துச் சேர்த்துக்கொண்டார். அதுவரை அவள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. அவள் ஆய்விலிருந்து விலகினாள், கூடவே மற்றவர்களும். யாரையும் விடாமல் பிடித்துவைக்க ஆரம்பித்த பக்கத்தில் கடைசியில் நானும் கங்காணியும்தான் மிச்சம்.

மறு வருஷம் பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஏளா, அத்த நெசமாவே போயிட்டா. கங்காணி நம்ப மாட்டேங்காரு. நீ வந்து ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பு. நீ அனுப்புனா நம்புவாரு."

போனேன். எடுத்து அனுப்பினேன். லீவு கிடைத்தது. வெளியே வந்து அழுதேன்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷத்தில் நான் போனைத் தூக்கினால் போதும், "செத்தவங்கல்லாம் ஓரமா ஒதுங்குங்க, இவ போட்டோ எடுக்கா" என்பான் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனுக்கு முதல் படத்தின் கதை மட்டும்தான் தெரியும்.